குறைந்த எடை திரும்பி வராமல் இருக்க: தொடங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

எடையைக் குறைப்பது பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு மாதக் கணக்கில்தான் ஓடும். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ, தங்கை கல்யாணத்துக்குள் எட்டு கிலோ, பொங்கலுக்குள் பழைய சட்டை. இந்த இலக்குகளை எட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சோற்றை ஒரேயடியாக நிறுத்தியோ, இரவில் வெறும் பழத்தோடு படுத்தோ, காலையும் மாலையும் ஓடியோ எப்படியோ எட்டிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. மூன்றாவது வருடம் அந்த எடை எங்கே நிற்கிறது? பலருக்கும் அது பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது, சிலருக்கு அதையும் தாண்டிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வருடத்தை மனதில் வைத்து எழுதியது. எடை எப்படிக் குறைகிறது, குறைந்தது ஏன் திரும்புகிறது, திரும்பாமல் பிடித்துவைக்க நம் வீட்டுச் சாப்பாட்டில் எங்கே கை வைக்கலாம் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு உள்ள விஷயம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் உயரத்துக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். ஆண்களில் சுமார் 37 சதவீதம்.

முதலில் கணக்கு

சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கலோரியில் அளக்கிறோம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். புரதமும் 4. கொழுப்பு 9. உடல் செலவழிப்பதில் பெரும்பகுதி நாம் சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு: இதயம், மூளை, கல்லீரல், உடல்சூடு எல்லாம் அதில் அடக்கம். மீதி நடமாட்டத்துக்கும் செரிமானத்துக்கும் போகிறது. உள்ளே வருவது செலவைவிடக் குறைந்தால் உடல் சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்துப் பயன்படுத்தும். கொழுப்பு குறைய அடிப்படை இதுதான். வெந்நீரில் எலுமிச்சை, தேன், சீரகத் தண்ணீர், கிரீன் டீ எதுவும் கொழுப்பைக் கரைப்பதில்லை. தேனிலேயே ஒரு சின்ன ஸ்பூனுக்கு 20 கலோரி இருக்கிறது. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பதும் உண்மையில்லை. கொழுப்பு எங்கிருந்து போக வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அதனால் தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ குறையும் என்று எங்கும் சொல்வார்கள். ஆரம்ப மாதங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. ஆனால் இதை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் இரண்டு வருடத்தில் 50 கிலோ குறைய வேண்டும். அப்படி யாருக்கும் நடப்பதில்லை. உடல் சிறுத்துக்கொண்டே வரும்போது அதன் செலவும் சிறுத்துக்கொண்டே வரும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் இதற்குத் திருத்திய கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். தினசரி உணவில் 24 கலோரி குறைத்து அதை அப்படியே காப்பாற்றினால் கடைசியில் எடை சுமார் ஒரு கிலோ குறைந்து நிற்கும். அதில் பாதி குறைய ஒரு வருடம் ஆகும், கிட்டத்தட்ட முழுதும் குறைய மூன்று வருடம் ஆகும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கிறேன். 240 கலோரியை உங்கள் அன்றாடத்திலிருந்து நிரந்தரமாக எடுத்துவிட்டால் ஒரு வருடத்தில் ஐந்து கிலோ, மூன்று வருடத்தில் பத்து கிலோ. 240 கலோரி என்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அது எங்கே கிடைக்கும் என்று கீழே பார்ப்போம்.

இடையில் ஒன்று. சோற்றை நிறுத்திய முதல் வாரமே இரண்டு, மூன்று கிலோ இறங்கியது என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே இறங்கும். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து வராதபோது அந்த இருப்பு தீர்ந்து தண்ணீரும் வெளியே போகிறது. மறுபடி நன்றாகச் சாப்பிட்ட மறுநாளே அது திரும்பி வந்துவிடும். அதனால் முதல் வாரக் குறைவைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், திரும்பி ஏறியதைப் பார்த்து உடைந்துபோகவும் வேண்டாம்.

குறைந்த எடை ஏன் திரும்புகிறது

எடை திரும்பி வந்தவர்களிடம் வீட்டில் சொல்வது ஒரே வசனம்தான்: "வாயைக் கட்ட முடியல." இதைக் கேட்டுக் கேட்டு அவர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஆராய்ச்சிகள் காட்டுவது வேறு.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப் பட்டினி. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போனது. அதோடு அவர்கள் மனமும் மாறியது. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினார்கள். சாப்பாடு மறுபடி கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள். அவர்கள் மனவலிமை இல்லாதவர்கள் என்று சொல்லவே முடியாது, ஆறு மாதம் அப்படி இருந்து காட்டியவர்கள். பட்டினி போட்ட உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது ஆய்வு 2016இல் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஹாலின் குழு மறுபடி பரிசோதித்தது. போட்டியின்போது ஏழே மாதத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். ஆறு வருடத்தில் அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. அதைவிட வருத்தமான விஷயம், சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல் அந்த எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. வரும்படி குறைந்த வீடு செலவைச் சுருக்கிக்கொள்வது போல உடலும் சுருக்கிக்கொண்டது. எடை திரும்பி வந்த பிறகும் அந்தச் சிக்கனம் போகவில்லை.

செலவைச் சுருக்குவது பாதிக் கதை. இன்னொரு பாதி பசி, அதுதான் பெரிய பாதி. சர்க்கரை நோய்க்குத் தரும் ஒருவகை மருந்து சிறுநீர் வழியாகக் கொஞ்சம் குளுக்கோஸை வெளியேற்றிவிடும். சாப்பிடுபவருக்குத் தெரியாமலே தினமும் சில நூறு கலோரி போய்விடும். இதைச் சாப்பிட்டவர்களின் எடை மாற்றத்தை வைத்து 2016இல் பசியை அளந்தார்கள். எடை ஒவ்வொரு கிலோ குறையும்போதும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று தெரிந்தது. உடலின் செலவு சுருங்குவதோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். அதாவது ஐந்து கிலோ குறைத்தவரின் உடல் முன்பைவிட 500 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. லெப்டின், கிரெலின் போன்ற பசி ஹார்மோன்கள் இந்த வேலையைச் செய்கின்றன. எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் அவை பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே எடைக்குறைப்பு முறை எதையும் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: இந்த முறையில் எனக்குப் பசிக்குமா? ஒரு மாதம் பசியைத் தாங்கலாம். மூன்று வருடம் யாராலும் தாங்க முடியாது. பசியை மதிக்கிற முறைதான் நீடிக்கும்.

அப்படியானால் எந்த டயட்?

சோற்றையும் மாவையும் ஒதுக்கும் பேலியோ, கீட்டோ, நாளில் பல மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் இடைவெளி விரதம், கொழுப்பில்லாத உணவு என்று ஆளுக்கொரு கட்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு இதைப் பெரிய அளவில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. 609 பேர். ஒரு பாதி மாவுச்சத்தைக் குறைத்தார்கள், மறு பாதி கொழுப்பைக் குறைத்தார்கள். கலோரி எண்ணச் சொல்லவில்லை. காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவு, முடிந்தவரை வீட்டுச் சமையல் என்பது இரு குழுவுக்கும் பொது. ஒரு வருடத்தில் ஒரு குழு சராசரியாக 6 கிலோ, இன்னொன்று 5.3 கிலோ குறைத்தன. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பெரிய வித்தியாசம் இருந்தது. 25 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் உண்டு, எடை கூடிப் போனவர்களும் உண்டு.

பேலியோ எடுத்துச் சிலர் நன்றாகக் குறைகிறார்கள் என்பது உண்மை. முட்டை, இறைச்சி, காய் என்று சாப்பிடும்போது பசி அடங்குகிறது, அதுதான் காரணம். இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் வரை எதுவும் தொடாத முறை வேறு சிலருக்கு ஒத்துவருகிறது, ஏனென்றால் டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்தது நின்றுபோகிறது. யாருக்கு எது பிடிபடுகிறதோ அது அவருக்கு நல்லது. சைவ வீட்டில் பிறந்து, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தினம் சோறு வடிக்கிற ஒரு பெண்ணை "இனி நீ சோறு தொடாதே" என்றால் அது எத்தனை நாள் ஓடும்? வீட்டில் தனிச் சமையல் கேட்கிற எந்த முறையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நம் தட்டு

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை. புரதம் மிகக் குறைவு. நம் நாளை எண்ணிப் பாருங்கள், காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, மாலையில் டீயும் பஜ்ஜியும், இரவு மறுபடி தோசை. எல்லாம் அரிசியும் உளுந்தும் எண்ணெயும்தான், பெரும்பாலும் அரிசி. புரதமும் நார்ச்சத்தும் வயிற்றை நீண்ட நேரம் நிறைத்து வைப்பவை. நம் தட்டில் குறைவாக இருப்பவை அவை இரண்டும்தான்.

அதனால் சோற்றை வெட்டுவதற்கு முன்னால் கூட்டையும் சுண்டலையும் முட்டையையும் மீனையும் கூட்டுங்கள் என்று சொல்வேன். வரிசை முக்கியம். சோற்றை மட்டும் குறைத்தால் நான்கு மணிக்குப் பசி பிடுங்கும், கை முறுக்கு டப்பாவுக்குப் போகும். ஒரு கப் சோற்றில் சுமார் 200 கலோரி. மதியம் மூன்று கப் சாப்பிடுபவர் ஒன்றரைக் கப்பாக்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு கப் பொரியலும் கெட்டியான பருப்புக் கூட்டும் வைத்தால் தட்டு முன்பு போலவே நிறைந்திருக்கும், பசி முன்பைவிடத் தள்ளிப்போகும். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவது பலருக்கு எளிதாக இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 முதல் 75 கலோரி. அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 120 கலோரியும் 6, 7 கிராம் புரதமும் கிடைக்கும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நாம் வைக்கிற சாம்பாரில் ஒரு கரண்டிக்கு வரும் பருப்பு மிகக் கொஞ்சம், அதைப் புரதக் கணக்கில் சேர்க்க முடியாது.

சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எடை குறைக்கும்போது ஒரு கிராமோ கொஞ்சம் கூடவோ எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கொழுப்போடு தசையும் கரையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அடுத்தது எண்ணெய். யாரும் இதை எண்ணுவதில்லை, ஆனால் எண்ணுவது சுலபம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் வாங்கினால் ஒருவருக்கு நாளைக்கு சுமார் 23 கிராம், கிட்டத்தட்ட 200 கலோரி. இது நியாயமான அளவு. அதே வீட்டுக்கு மாதம் 5 லிட்டர் ஆகிறது என்றால் ஆளுக்குத் தினம் 340 கலோரி ஆகிவிடுகிறது. இந்த 140 கலோரி வித்தியாசம் யார் நாக்குக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. மளிகை லிஸ்டில் மாதம் இரண்டு லிட்டர் குறைத்து எழுதினால் வீடு முழுக்கக் குறையும், யாரும் தனியாகப் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. செக்கு எண்ணெய், ரீஃபைண்ட் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், நெய் எல்லாமே கிராமுக்கு 9 கலோரிதான், நல்ல எண்ணெய் என்பதற்காகக் கலோரி குறையாது. தேங்காய்ச் சட்னியையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இரண்டு இட்லிக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி வைத்தால் இட்லியைவிடச் சட்னியில் கலோரி கூடிவிடும். தக்காளிச் சட்னியோ புதினாவோ மாற்றி மாற்றி வையுங்கள்.

டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு மூன்று டீ என்றால் சர்க்கரை மட்டுமே 120 கலோரி. ஒரே நாளில் நிறுத்தினால் டீ பிடிக்காமல் போகும். அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக இறக்கினால் நாக்கு பழகிவிடும். எண்ணெயில் 140, சர்க்கரையில் 100. முன்னால் சொன்ன அந்த 240 கலோரி இங்கேயே வந்துவிட்டது, சோற்றைத் தொடாமலே.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. ராகி, சாமை, தினை, வரகு எல்லாம் நல்ல தானியங்கள், நார்ச்சத்தும் தாதுக்களும் அதிகம். ஆனால் எடை குறைக்கும் என்று நம்பி அளவில்லாமல் சாப்பிட்டால் பயனில்லை. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் ராகியில் 320. ராகிக் கூழாகக் கரைத்து மோர் விட்டுக் குடிப்பது வேறு, ராகி பிஸ்கட்டும் தினை லட்டும் வேறு. பாக்கெட் பண்டம் எந்தப் பெயரில் வந்தாலும் பாக்கெட் பண்டம்தான். 2019இல் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தது. வைக்கப்பட்ட இருவகை உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவில் அவர்கள் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சுமார் ஒரு கிலோ ஏறியது, சாதாரணச் சமையலில் அதே அளவு இறங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நம் வீடுகளில் சமைப்பவர்தான் கடைசியில் சாப்பிடுகிறார். பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த இட்லி, நாளைக்குக் கெட்டுப்போகும் என்று தீர்க்கிற குழம்பு, எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் பத்து மணிக்கு ஒரு தோசை. அம்மாக்களின் எடையில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை அவர் ஒருவரே மாற்ற முடியாது. வீட்டில் எல்லோரும் எட்டு மணிக்குள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கும் வேலையை இன்னொருவர் செய்வது என்று தொடங்கினால் அவருக்கு எந்த டயட் சார்ட்டையும்விட அது உதவும்.

நடை எதற்கு?

70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். கடையில் ஒரு மசாலா தோசை 300 கலோரியைத் தாண்டும். அதனால் நடையால் மட்டும் எடையைக் குறைக்க நினைத்தால் ஏமாற்றம்தான். எடை குறைவது முக்கியமாகத் தட்டில் நடக்கிறது. ஆனால் குறைந்த எடையைப் பிடித்து நிறுத்துவதில் நடைக்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவில் 1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்களின் பதிவு என்பதால் இதை எல்லோருக்குமான விதியாக எடுக்க முடியாது. இருந்தாலும் இவ்வளவு பேர் ஒரே பழக்கத்தைச் சொல்லும்போது கவனிக்கத்தான் வேண்டும்.

நடையோடு தசைக்கு வேலை தருவதும் வேண்டும், வாரம் இரண்டு நாள் போதும். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர்க் குடத்தையோ பாட்டிலையோ தூக்கி இறக்குவது, மாடிப்படி ஏறுவது. 40 வயதைத் தாண்டியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. வேகமாக எடை குறைத்துத் தசையை இழந்து, பிறகு ஏறும்போது வெறும் கொழுப்பாக ஏறினால் ஆரம்பித்த இடத்தைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுவோம்.

தூக்கமும் இதில் சேரும். ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய 80 பேரில் ஒரு பாதியினரைக் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவைத்த ஆய்வு 2022இல் வந்தது. உணவு பற்றி எதுவும் சொல்லாமலே அவர்கள் நாளுக்கு சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

மெஷினில் தெரிவதும் தெரியாததும்

எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடினாலும், மாதவிலக்கு நெருங்கினாலும், மலச்சிக்கலாலும் ஏறும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வையுங்கள். மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள், நாளுக்கு நாள் வேண்டாம். அதோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். நமக்கு இது எடையைவிட முக்கியம் என்பேன்.

ஏன் என்பதற்கு ஒரு புகைப்படம் சாட்சி. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் வந்தது. இருவருக்கும் உயர-எடை விகிதமான பிஎம்ஐ 22.3, துல்லியமாக ஒன்றே. உடல்கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கும் உள்ளே கொழுப்பு இருக்கலாம் என்று ஒரே படத்தில் காட்டிவிட்டார்கள். அதனால்தான் நமக்கு வரம்பு குறைவு. பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் உடல்பருமன். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

எவ்வளவு குறைய வேண்டும்? 80 கிலோ உள்ளவர் கல்லூரிக் கால 58க்குப் போக வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும். வாரம் அரை கிலோ நல்ல வேகம், அதைவிட மெதுவாகப் போனாலும் தவறில்லை. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

மெஷின் நகராத மாதங்களும் வரும். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எண் அசையாத நாளிலும் நல்ல பழக்கம் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

மருத்துவரிடம் முதலில் போக வேண்டியவர்கள்

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எடை குறைக்கும் வேலையில் தாங்களாக இறங்கக் கூடாது. காரணமே இல்லாமல் எடை ஏறினால் தைராய்டு, பெண்களானால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சாப்பிடும் ஸ்டீராய்டு அல்லது மனநல மருந்துகள் இவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. முயற்சி செய்யாமலே எடை குறைந்தாலும் உடனே பார்க்க வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்கிற ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். செமாகுளுடைட் போன்ற மருந்துகள் மேலே சொன்ன பசியையே அடக்குகின்றன. 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உடல்பருமனால் நோய்ப்பட்டவர்களுக்கு இது பெரிய வரம், மருத்துவர் எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணத்துக்குப் பத்து கிலோ குறைக்க மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருளல்ல.

குறைந்த பிறகு

எடை இறங்கி ஓரிடத்தில் நின்றதும் பலர் "முடிந்தது" என்று பழைய சாப்பாட்டுக்குப் போகிறார்கள். 68 கிலோ உடம்புக்கு 78 கிலோ உடம்பின் சாப்பாடு தேவையில்லை. குறைக்கும்போது எப்படிச் சாப்பிட்டீர்களோ கிட்டத்தட்ட அப்படியேதான் தொடர வேண்டும். அதனால்தான் தொடக்கத்திலேயே தொடரக்கூடிய முறையை எடுங்கள் என்று இவ்வளவு சொன்னேன். எதையாவது புதிதாகத் தொடங்குமுன் "இதை ஐந்து வருடம் செய்வேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று தோன்றினால் பாதியாகக் குறைத்து, செய்யக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்து தொடங்குங்கள்.

விருந்தும் பண்டிகையும் வரத்தான் செய்யும். தீபாவளி லேகியத்துக்கு முன்னால் நாலு அதிரசம் சாப்பிட்டதால் யாருடைய எடையும் பாழாகிவிடாது. தீபாவளிக்குச் செய்த பலகாரம் கார்த்திகை வரை டப்பாவில் இருப்பதுதான் பாழாக்கும். கொஞ்சமாகச் செய்து, அன்றே பகிர்ந்து, மறுநாள் காலை வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள். நேற்று கூடச் சாப்பிட்டதற்கு இன்று பட்டினி என்ற ஈடுகட்டல் வேண்டாம், அது மாலையில் இன்னும் பெரிய பசியாகத்தான் வந்து நிற்கும்.

வாரா வாரம் எடை எழுதி வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் இரண்டு கிலோ கூடுதலாகவே காட்டினால், பத்து கிலோ ஆகும் வரை காத்திருக்காமல் அப்போதே உட்கார்ந்து பாருங்கள். இந்த மாதம் எண்ணெய் எவ்வளவு நாள் வந்தது, டீயில் சர்க்கரை ஏறிவிட்டதா, மழைக்காலத்தில் நின்ற நடை மறுபடி தொடங்கவே இல்லையா, இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போய்விட்டதா. பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை மட்டும் பழையபடி சரிசெய்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள்.